நொசிலுக்கு வடி, நாசிக்கு முந்தானை

மருந்தடிக்கிற நாளில் எங்க அப்பா முதலில் தேடுறது ஒரு பழைய சேலைத் துண்டு. தேயிலையில் கொப்புள நோய்க்கு அடிக்கிற செப்பு மருந்து தூளாக வரும். பீப்பாயில் தண்ணீர் ஊற்றி, தூளைக் கொட்டி, கம்பால் கலக்கினால் கூழாகும். அந்தக் கூழை அப்படியே முதுகு டேங்கியில் ஊற்றினால் நொசில் அடைத்துக்கொள்ளும். நொசில் அடைத்தால் வேலை நிற்கும், ஐயா ஏசுவார். அதனால் சேலைத் துணியில் வடித்து ஊற்றுவாங்க. டேங்கியின் வாயில் ஒரு வலை வடி. கைப்பிடிக்குள் இன்னொன்று. ஆக, குண்டூசி முனை அளவு துளைக்கு மூன்று வடி.

பைக்கட்டைக் கிழித்துக் கொட்டும்போது எழும்புற தூள் அப்பாவுடைய மூக்குக்குள் போகுதே, அதுக்கு எத்தனை வடி? ஒன்றுமில்லை. இந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. தேயிலையைக் காப்பாற்ற ஆராய்ச்சி நடந்தது, மருந்து வந்தது, அதை அடிக்க மெசின் வந்தது. நொசில் எத்தனையோ தரம் மாறிவிட்டது. பைக்கட்டைக் கிழிக்கிற முறை மட்டும் மாறவில்லை: ஒரு கத்தி, ரெண்டு கை, மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொள்கிற ஒரு முகம்.

மருந்து மட்டும் இல்லை. கவ்வாத்து வெட்டின மலைக்கு டோலமைட் போடணும். திகனைப் பக்கத்திலும் மாத்தளையிலும் உடைத்து மாவாக அரைத்து வருகிற கல் அது. ஒரு டன் என்றால் 50 கிலோ மூட்டை 20. இருபது தடவை கிழிக்கணும், இருபது தடவை கவிழ்க்கணும், இருபது வெறும் சாக்கை உதறி மடிக்கணும். எப்பாவலையிலிருந்து வருகிற பொஸ்பேட் மாவும் அப்படித்தான். உரம் கலக்கிற கொட்டகையிலிருந்து வெளியே வருகிற ஆளைப் பார்த்திருக்கிறீங்களா? புருவம் வெள்ளை, மூக்கு ஓரம் வெள்ளை. சின்னப் பிள்ளையில் நாங்க அதைப் பார்த்துச் சிரிப்போம், "பவுடர் பூசிட்டு வர்றாரு" என்று. இப்போ நினைத்தால் வெட்கமா இருக்கு.

2021ஐ மறந்திருக்க மாட்டீங்க. மே மாதம் ஒரே இரவில் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் தடை. நாடு முழுக்க மூட்டையைப் பற்றியே பேச்சு. மூட்டைக்குள் இருக்கிறது சேதனமா, இரசாயனமா, சீனக் கப்பலில் வந்தது நல்லதா கெட்டதா என்று தொலைக்காட்சியில் பேராசிரியர்கள் அடித்துக்கொண்டார்கள். நவம்பரில் தடையும் போனது. அந்த ஆறு மாதத்தில் மூட்டையைத் திறக்கிற கையைப் பற்றி ஒரு ஆள் பேசவில்லை. சேதன உரமாக இருந்தாலும் தூசு தூசுதான் என்று சொல்லவும் ஆள் இல்லை.

இனி ஸ்டோருக்குள் வாங்க. எங்க அம்மா இருபது வருசத்துக்கு மேல் சலிப்பறையில் நின்றவர். காய்ந்த தேயிலை சல்லடையில் ஆடும்போது மேலே எழும்புறது வெறும் டஸ்ட் இல்லை. கொழுந்தின் மேல் இருக்கிற மெல்லிய பூமயிரும் சேர்ந்து பஞ்சு மாதிரிப் பறக்கும். ஜன்னல் வெளிச்சம் விழுகிற நேரம் தங்கத் தூள் மாதிரி இருக்கும். சுற்றுலா வருகிறவங்க படம் எடுப்பாங்க. அதைத்தான் அம்மா எட்டு மணித்தியாலம் சுவாசித்தார். பிறகு, பல நாள் தேயிலையைச் சாக்குச் சாக்காகக் கொட்டி ஒன்றாகக் கலந்து, காகிதப் பைகளில் அடைத்து, தட்டி இறுக்கி, கொழும்புக்கு அனுப்பணும். கொழும்பில் அதே பையை இன்னொருத்தர் கிழித்துக் கலவை உருளைக்குள் கொட்டுறார். பல இடங்களில் அந்த இன்னொருத்தரும் நம்ம தோட்டத்திலிருந்து போன பையன்தான். அம்மா அடைத்த பையை மகன் கிழிக்கிறான். ஒரே தூசு இரண்டு நெஞ்சுக்குள் போகுது.

இது யாருக்கும் தெரியாத விசயமா? 1903இல் கொழும்புக்கு வந்து வேலை பார்த்த இத்தாலிய மருத்துவர் அல்டோ காஸ்டெல்லானி, தேயிலை ஆலை இருமல் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதினார். இலங்கையின் நெஞ்சு நோய் மருத்துவர் சி. ஜி. உரகொட, தேயிலைத் தூசால் வருகிற ஆஸ்துமாவைப் பற்றி 1970இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். 1980இல் தேயிலைக் கலவை வேலையில் தூசு படுகிற தொழிலாளர்களின் மூச்சு நோய் பற்றி ஓர் ஆய்வையும் வெளியிட்டார். 1970 கட்டுரையில் அவர் அந்த நோய்க்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'டீமேக்கர் ஆஸ்துமா.' நோய்க்குக்கூட ஸ்டாஃபின் பெயர். சலிப்பறையில் நிற்கிற பொம்பளைக்கு வந்தால் அதுக்குப் பெயர் "குளிருக்கு வந்த இருமல்."

சரி, இதுக்கு மெசின் இல்லையா? இருக்கு. சிமெந்து, பால்மா, பெயின்ட் என்று தூளைக் கையாள்கிற தொழிற்சாலைகளில் மூட்டை கொட்டுகிற மேடை என்று ஒன்று வைத்திருக்கிறாங்க. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. இடுப்பு உயரத்தில் கம்பி வலை போட்ட ஒரு தட்டு. அதுக்குக் கீழே புனல் மாதிரி ஒரு தொட்டி. மூன்று பக்கமும் மேலேயும் தகர மறைப்பு. ஆள் நிற்கிற பக்கம் மட்டும் திறந்திருக்கும். பின்னால் ஒரு விசிறி, காற்றை ஆளுடைய முகத்திலிருந்து உள்பக்கமாக இழுக்கும். மூட்டையைத் தட்டில் வைத்துக் கிழித்தால், எழும்புற தூசு முகத்துக்கு வராது, உள்ளே போகும். அங்கே துணிப்பை வடிகள் தூசைப் பிடிக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அழுத்தக் காற்று ஒரு உதை கொடுக்கும். வடியில் ஒட்டின தூசு உதிர்ந்து திரும்பவும் அதே தொட்டிக்குள் விழும். ஒரு கிராம் சரக்கு நட்டம் இல்லை. பக்கத்தில் ஒரு ஓட்டை. வெறும் சாக்கை அதற்குள் தள்ளினால் போதும். வெறும் சாக்கை நெஞ்சோடு அணைத்து மடிக்கிறோமே, அப்போதுதான் உள்ளே தங்கின தூளெல்லாம் நேரா மூஞ்சிக்கு அடிக்குது. அதுக்குத்தான் அந்த ஓட்டை.

தகரம், விசிறி, துணிப்பை, ஒரு கொம்பிரசர். விசிறியை எவ்வளவு வேகத்தில் ஓட விடணும் என்று கணக்குப் பார்க்க ஒரு பொறியியலாளர் வேணும். மற்றதெல்லாம் அட்டனில் தகரம் வளைக்கிற கடைகளுக்குக் கைவந்த வேலை. சந்திரனுக்குப் போகிற ராக்கெட் இல்லை இது.

அப்போ ஏன் வரல? காசு இல்லையாம். நம்புறீங்களா? அதே ஸ்டோர்களில் நிறம் பிரிக்கிற மெசின் வந்திருக்கு. ஒவ்வொரு தூளையும் கமரா பார்த்து, சிவப்புக் குச்சியைக் காற்றால் ஊதித் தள்ளுது. நார் பிரிக்க மின்னேற்ற உருளை இருக்கு. இரும்புத் துண்டு பிடிக்கக் காந்தம் இருக்கு. அம்மாவுடைய தலைக்கு வலைத்தொப்பி கொடுத்தாங்க. அது தலைமுடி தேயிலையில் விழாமல் இருக்க. வளையலைக் கழற்றச் சொன்னாங்க. உடைந்து தேயிலையில் விழாமல் இருக்க. அம்மாவிடமிருந்து தேயிலையைக் காப்பாற்ற எல்லாம் இருக்கு. தேயிலையிடமிருந்து அம்மாவைக் காப்பாற்ற அவருடைய முந்தானைதான் இருக்கு. காசு இல்லாமல் இல்லை. வடி எல்லாம் சரக்குக்கு, ஆளுக்கு இல்லை என்று முடிவு எடுத்திருக்கிறாங்க, அவ்வளவுதான்.

நியாயமாகவும் பேசணும். சில ஸ்டோர்களில் சலிப்பறையில் தூசு உறிஞ்சுகிற குழாய் போட்டிருக்கிறாங்க. கொழும்புக் கலவை நிலையங்களிலும் நல்ல மேடைகள் வைத்தவங்க உண்டு. அது என் வாதத்துக்குப் பலம்தான். ஒருத்தரால் முடிந்தால் மற்றவரால் ஏன் முடியாது?

"மாஸ்க் கொடுத்தோம், அவங்கதான் போடுறதில்லை" என்பாங்க. கொடுக்கிற மாஸ்க் என்ன? காதில் மாட்டுகிற மெல்லிய துணி. வேர்வையில் நனைந்தால் அதுக்குள்ளே மூச்சு விட முடியாது. தொழில் பாதுகாப்புப் படித்த யாரையும் கேளுங்க: முதலில் ஆபத்தை இல்லாமல் செய், முடியாவிட்டால் ஆபத்து குறைந்த ஒன்றை மாற்றிப் போடு, அதுவும் முடியாவிட்டால் மெசினால் தடு, அப்புறம் வேலை முறையை மாற்று, கடைசியாகத்தான் மாஸ்க். நம்ம மலையில் கடைசிப் படியே முதல் படி. அதுவும் ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும்.

சட்டமும் இருக்கு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், வேலையில் தூசு கிளம்பினால் அதைத் தொழிலாளி சுவாசிக்காமல் தடுக்கணும், இயலுமான இடத்தில் தூசு கிளம்புற இடத்துக்கு அருகிலேயே அதை உறிஞ்சுகிற சாதனம் வைக்கணும் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். உரம் கலக்கிற கொட்டகைக்கு அது எட்டுமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். ஸ்டோர் தொழிற்சாலை இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது.

"மெசின் வந்தா ஆள் குறைப்பாங்க" என்று நம்ம ஆட்களே பயப்படுறாங்க. பயம் நியாயமானது, நிறம் பிரிக்கிற மெசின் வந்தபோது குச்சி பொறுக்கின கைகள் என்ன ஆனது என்று பார்த்தவங்கதானே. ஆனால் மெசினில் இரண்டு வகை இருக்கு. தானாகவே மூட்டையைக் கிழித்துக் கொட்டுகிற மெசின் ஒன்று. அதை நான் கேட்கவில்லை. நான் கேட்கிற மேடையில் ஆள் நிற்கணும், ஆள்தான் கிழிக்கணும். காற்றின் திசை மட்டும் மாறும். ஆளைத் தூக்குகிற மெசின் கேட்காமலே வருது. ஆளைக் காக்கிற மெசின் கேட்டாலும் வரல. அதனால்தான் சத்தமாகக் கேட்கணும்.

இங்கே நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்ளணும். ஆயிரம் ரூபா கேட்டோம்; 2021இல் சம்பளச் சபை மூலம் வந்தது. பிறகு 1700 கேட்டோம். கேட்டது சரி, இன்னும் கேட்கணும். ஆனால் தொழிற்சங்க மேடையில், மே தினப் பதாகையில், நம்ம மாதிரி இளைஞர்கள் போடுகிற பதிவில், தூசு என்ற சொல் எத்தனை தரம் வந்திருக்கு? அம்மா ஓய்வு பெற்று வாங்கின சேமலாப நிதியில் எவ்வளவு இன்ஹேலருக்குப் போகுது என்று எங்க வீட்டுக்குத் தெரியும். கூட்டின சம்பளத்தை மூச்சு திருப்பி வாங்கிக்கொள்கிறது.

அதனால் மூன்று கோரிக்கை. ஒன்று: ஒவ்வொரு தோட்டத்திலும் ஸ்டோரிலும் மூட்டை திறக்கிற இடங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் காற்று இழுக்கிற மேடை வைக்கணும். இரண்டு: மருந்துத் தூளைக் கலக்கிறதுக்கு மூடியுள்ள தொட்டி வேணும். மூன்று: சலிப்பறை, பொதியறை, மருந்து, உரம் வேலை செய்கிறவங்களுக்கு வருசத்துக்கு ஒருமுறை ஊதிப் பார்க்கிற நுரையீரல் பரிசோதனை, முடிவுத் தாள் அலுவலகக் கோப்பில் இல்லை, தொழிலாளியின் கையில். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்துக்குப் பக்கத்தில் இந்த மூன்றும் எழுத்தில் இருக்கணும்.

வாசிக்கிற நீங்க ஒரு வேலை செய்யலாம். உங்க வீட்டில் யாராவது மூட்டை திறக்கிற வேலை செய்தால், ஒரு மெல்லிய டிசு பேப்பர் துண்டைக் கொடுத்துவிடுங்க. ஊதுபத்தி வேணாம், தேயிலைத் தூசுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது. மூட்டையின் வாய்க்கு நேரே அந்தத் துண்டைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்க. அது முகத்தைப் பார்த்து ஆடுதா, அந்தப் பக்கம் ஆடுதா? பதிலை எழுதி அனுப்புங்க, தோட்டம் தோட்டமாகச் சேர்ப்போம்.

அம்மாவிடம் கேட்டேன். அவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கு எதுக்குடா பேப்பர்? என் முந்தானை ஆடினதே, யாரு பார்த்தா?"