மரியாதை பதவியோடு சேர்ந்து வருவதில்லை: எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

ஆளுகிறவர்கள் மக்களிடம் மரியாதையைச் சம்பாதித்தாக வேண்டுமா, பதவிக்கு வந்ததுமே அது தானாகக் கிடைத்துவிட வேண்டுமா? திருமங்கலத்தில் வாழும் நாங்கள் இந்தக் கேள்விக்கு வெளிப்படையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் ஊரின் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு 'திருமங்கலம் ஃபார்முலா', அதாவது வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைதான் நினைவுக்கு வருகிறது.

சட்டமன்ற உறுப்பினர் வீர இளவரசன் மறைந்ததையடுத்து 2009 ஜனவரி 9 அன்று இங்கே இடைத்தேர்தல் நடந்தது. 88 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பதிவானது. அப்போதைய ஆளுங்கட்சியான தி.மு.க. 39,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றது. காலைப் பத்திரிகைக்குள் உறை வைத்து வீடு வீடாகப் பணம் போனதாகச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் அந்த ஆண்டு மே மாதம் தன் அரசுக்கு எழுதியது. உறைக்குள் 5,000 ரூபாய் இருந்ததாகவும் அந்தக் கடிதம் குறிப்பிட்டது. 2011 மார்ச்சில் 'தி இந்து' நாளிதழ் அந்தக் கடிதத்தை வெளியிட்டபோது நாடே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அதே 2011-இல் நடந்த பொதுத் தேர்தலை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடைத்தேர்தலில் தோற்ற அ.தி.மு.க. வேட்பாளர் முத்துராமலிங்கத்தையே இந்தத் தொகுதி தேர்ந்தெடுத்தது. பணத்தால் வாக்கு கிடைத்திருக்கலாம். மக்கள் மனதில் இடம் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பணம் வாங்குவதால் வரும் பெரிய கேடு தேர்தல் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. தெருவில் சாக்கடை நிரம்பி வழிந்தாலும், கண்மாய்க்குத் தண்ணீர் வராவிட்டாலும், "அவுக கிட்ட காசு வாங்கிட்டோம், இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி கேக்குறது?" என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வதுண்டு. அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. கொடுத்தவர் தலை நிமிர்ந்து போகிறார், வாங்கிய ஏழை தலை குனிகிறார். வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஆனால் பணம் வாங்கியவரும் குடிமகன்தான். கேள்வி கேட்கும் உரிமையை அவர் யாரிடமும் விற்றுவிடவில்லை, விற்கவும் முடியாது. இதை எங்கள் மன்றம் அழுத்தமாகச் சொல்கிறது.

எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். நான்குவழிச் சாலையில் கப்பலூர் டோல்கேட் நிற்கிறது. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சுங்கச்சாவடி அமையக் கூடாது என்பது 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின் பொது நெறி. விலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மதுரைக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரும் எங்கள் மக்களுக்கு அந்த விலக்கின் நியாயத்தை இதுவரை யார் வந்து விளக்கினார்கள்? தேர்தல் வந்தால் அகற்றுவோம் என்ற வாக்குறுதி வருகிறது. 2024 ஜூலையில் உள்ளூர் வாகனங்களுக்கும் கட்டணம் என்றதும் மக்கள்தான் தெருவில் இறங்கினார்கள்.

தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனையும் அப்படித்தான். 2015 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2022-இல் முதல் 50 மாணவர்கள் சேர்ந்தபோது தோப்பூரில் வகுப்பறை இல்லை. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் அவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். ஒரு கட்சி இன்னொரு கட்சியைக் குறை சொல்லி மேடையில் கைதட்டல் வாங்கியது. நோயாளியைக் கூட்டிக்கொண்டு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை வராண்டாவில் படுத்துக் கிடந்தவர்களுக்கு எவரும் கணக்குச் சொல்லவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். "முதலில் மரியாதையைச் சம்பாதிக்கட்டும்" என்ற வாதத்தை எங்கள் மாவட்டத்திலேயே கொடுமையாகத் திருப்பிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1996-இல் தனித்தொகுதியாக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் நிலைத்து உட்காரப் பத்து ஆண்டுகள் விடவில்லை. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் எந்தச் சாதியானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், நாற்காலி, அலுவலகம், கொடியேற்றும் உரிமை, பாதுகாப்பு ஆகியவை முதல் நாளே அவருக்குச் சேர வேண்டியவை. அவற்றை யாரும் சம்பாதிக்க வேண்டியதில்லை. நாங்கள் சம்பாதிக்கச் சொல்வது அதற்கு மேலே உள்ளதை: மக்களின் நம்பிக்கையை, நன்மதிப்பை.

அப்படிச் சம்பாதித்தவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் பத்தாண்டுக் காலம் அமைச்சராக இருந்தவர். பொதுப்பணித் துறை அவர் கையில் இருந்த காலத்தில்தான், 1959-இல், வைகை அணை திறக்கப்பட்டது. 1967 தேர்தலில் தோற்றார். பிற்காலத்தில் உடல் நலிந்தபோது மதுரை அரசு மருத்துவமனையின் சாதாரண வார்டில் படுத்திருந்தார். 1981-இல் மறைந்த அவரைப் பற்றி எந்தக் கட்சிக்காரரும் இன்றுவரை குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார். அந்த மதிப்பை எந்த ஃபிளக்ஸ் போர்டும் வாங்கித் தரவில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகும், தலைவர் வருகிறார் என்றால் பாதையை மறித்துப் போர்டு நடுவது இன்னும் நிற்கவில்லை. அதை மரியாதை என்று நாங்கள் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

ஆகவே எங்கள் மன்றம் எடுத்திருக்கும் முடிவு இது. எந்தக் கட்சித் தலைவருக்கும் பதவியை மட்டும் காரணமாக வைத்துப் பாராட்டு விழா நடத்தமாட்டோம். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தும் வரவேற்பில் பங்கெடுக்கமாட்டோம். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த ஊருக்கு வந்து, மேடையும் மாலையும் இல்லாமல், தொகுதி நிதி எதில் செலவானது, கொடுத்த வாக்குறுதி எங்கே நிற்கிறது என்று மக்கள் முன் சொல்ல வேண்டும். முடியாததை முடியவில்லை என்று சொன்னாலும் மதிப்போம். அமைச்சரோ கவுன்சிலரோ, எங்களுக்கு ஒரே அளவுகோல்தான்.

திருமங்கலம் வாக்காளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் உறை வந்தால் திருப்பிக் கொடுங்கள். வார்டிலோ ஊராட்சியிலோ கூட்டம் என்றால் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கிராமசபையில் எழுந்து கேளுங்கள், கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்காராதீர்கள்.