தோண்டிப் பார்க்காதீர்கள்!

நமது சங்க இதழில் நான் இதுவரை எழுதியவை எல்லாம் ரயிலைப் பற்றியவை. இம்முறை ஒரு நண்டைப் பற்றி எழுதுகிறேன். சமையல் குறிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். என் கையால் ஓர் உயிர் போயிற்று. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2023 தீபாவளிக்கு மும்பையிலிருந்து வந்த என் இளைய மகன், அண்ணன் மகளுக்குப் பரிசாக இரண்டு துறவி நண்டுகளை வாங்கி வந்தான். ஆங்கிலத்தில் ஹெர்மிட் கிராப் என்பார்கள். செத்துப்போன நத்தையின் ஓட்டுக்குள் தன் மென்மையான வயிற்றை நுழைத்துக்கொண்டு, அதையே வீடாகச் சுமந்து திரியும் நண்டு இது. அதில் நிலத்தில் வாழும் வகையைத்தான் கடைகளில் விற்கிறார்கள். ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி, அதில் இரண்டு விரற்கடை மணல், வர்ணம் பூசிய ஓடுகள். "தினம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும்" என்று கடைக்காரர் சொன்னாராம். நானும் நம்பினேன். மணலை மட்டும் சற்று அதிகமாகப் போட்டு வைத்தேன்.

2024 ஏப்ரலில் ஒரு நாள் காலையில் பெரிய நண்டைக் காணவில்லை. இவை நன்றாக ஏறும். மூடி சற்று விலகியிருந்தாலும் வெளியேறிவிடும். கட்டிலுக்கடியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் என்று வீடு முழுதும் தேடினோம். பிறகுதான் பெட்டியின் மூலையில் மணல் மேடிட்டிருப்பதை என் மனைவி காட்டினாள். மணலுக்குள் போயிருக்கிறது! ஒரு வாரம் காத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியை எடுத்துத் தோண்டிவிட்டேன்.

உள்ளே வெளிறிய நிறத்தில், ஓட்டிலிருந்து பாதி வெளியே வந்த நிலையில் கிடந்தது. பக்கத்தில் கால்கள் தனியாகக் கழன்று கிடந்தன. செத்துவிட்டது என்று முடிவு கட்டி, செம்பருத்திச் செடியடியில் புதைக்க எடுத்துச் சென்றேன். "தாத்தா, கால் அசையுது!" என்று பேத்தி கத்தினாள். அவசரமாகத் திரும்பக் கொண்டு போய் மணலில் வைத்தேன். மறுநாள் உண்மையாகவே செத்துப் போயிற்று.

"ஏன் தாத்தா தோண்டினீங்க?" என்று அந்த ஒன்பது வயதுக் குழந்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு நான்கு நாட்கள் என்னோடு பேசவும் இல்லை.

நான் விலங்கியல் படித்தவனல்ல, வெறும் டிப்ளமாக்காரன். ஆனாலும் என்ன தவறு செய்தேன் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஒரு நண்பரிடம் கேட்டும், புத்தகங்களைப் படித்தும் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நண்டுக்கு எலும்பு வெளியில் இருக்கிறது. அந்தக் கெட்டியான மேல்தோல் வளராது. உள்ளே உடல்தான் வளரும். ஆகவே பாம்பு சட்டை உரிப்பது போல இதுவும் உரித்தாக வேண்டும். சுமந்து திரியும் நத்தை ஓடு வேறு, இந்த மேல்தோல் வேறு. உரிக்கும் காலம் வந்ததும் நிறையத் தின்று, நிறையத் தண்ணீர் குடித்து, உடலில் சேர்த்துக்கொண்டு, ஈர மணலுக்குள் குழி பறித்து மறைந்துவிடும். பழைய தோல் பிளந்து கழன்ற பிறகு புதிய தோல் பூப்போல மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் எது தொட்டாலும் ஆபத்து. கூட இருக்கும் நண்டே தின்றுவிடக் கூடும். கழற்றிய தோலைத் தானே தின்று, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு புதுத் தோலைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். இழந்த கால் இருந்தால் புதிதாக முளைப்பதும் இப்போதுதான். சிறிய நண்டுக்குச் சில வாரங்கள், பெரியதற்கு இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். நான் பன்னிரண்டாம் நாள் தோண்டினேன்!

பக்கத்தில் கிடந்தவை கழற்றிய தோலின் கால்கள். அவை உள்ளீடற்று, எடையற்று இருக்கும். உண்மையில் செத்த நண்டு மீன் அழுகிய நாற்றம் அடிக்கும். நாற்றம் இல்லையென்றால் கை வைக்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

லோகோ ஷெட்டில் முப்பத்தெட்டு வருடம் நான் பழகிய பாடம், சந்தேகம் வந்தால் திறந்து பார் என்பது. எஞ்சினைத் திறந்தால் மறுபடி பூட்டிவிடலாம். உயிருள்ளதை அப்படிச் செய்ய முடியாது என்பது அறுபது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது.

மீதியிருந்த நண்டுக்காகப் பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கினேன். மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில், அரை அடிக்கு மேல் நிரப்பினேன். இவை செவுள்களால் மூச்சு விடுபவை. காற்றில் ஈரம் 75, 80 சதவீதமாவது வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் நம் நாகபுரிக் காற்றின் லட்சணம் துவைத்த துணி காயும் வேகத்திலேயே தெரியுமே! ஆகவே கண்ணாடி மூடி போட்டேன். குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் கடல் உப்பைக் கரைத்த தண்ணீர் ஒரு கிண்ணம். சமையல் உப்பு உதவாது. சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கிடைக்கும். இங்கே சமுத்ரபேன் என்று கேட்க வேண்டும். வர்ணம் பூசாத, சற்றுப் பெரிய வெற்று ஓடுகளும் சில வைத்தேன். உடல் பெருத்தால் வீடும் பெரிதாக வேண்டுமல்லவா? பிரமோஷன் வந்தால் பெரிய குவார்ட்டர்ஸ் தேடிய நமக்கு இது புரியாதா?

ஆகஸ்டில் அதுவும் மறைந்தது. நமது சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுதப் பழகும் பேத்தி, தொட்டியின் மீது ஒரு காகிதம் ஒட்டினாள்: "தாத்தா தோன்டக் கூடாது." பிழையைக்கூட நான் திருத்தவில்லை. முப்பத்தெட்டாம் நாள் இரவு, பளபளவென்று புதுச் சட்டையோடு அது மேலே வந்தது. வீடே விழித்துக்கொண்டது.

ஆனால் இதைக் கேட்டு யாரும் கடைக்கு ஓட வேண்டாம். இதன் முட்டை கடலில்தான் பொரியும். குஞ்சுகள் கடலில் வளர்ந்துதான் கரையேறும். ஆகவே கடையில் விற்பவை ஏறக்குறைய எல்லாமே கடற்கரையில் பிடிக்கப்பட்டவை. முப்பது வருடம்கூட வாழக்கூடிய பிராணி, நம் வீட்டுப் பெட்டியில் சில மாதங்களில் செத்துப் போகிறது. குழந்தைகளுக்கு உயிர்கள் மீது அன்பு வர வேண்டாமா என்பீர்கள். வர வேண்டியதுதான். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ கரையில் உட்கார்ந்து காட்டுங்கள். பை நிறையச் சங்கும் சிப்பியும் பொறுக்கி வராதீர்கள். அந்த வெற்று ஓடு ஏதோ ஒரு நண்டு குடிபோக வேண்டிய வீடு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: வசதி செய்து கொடுங்கள், காணாமல் போனால் காத்திருங்கள், தோண்டாதீர்கள்.