எலிக்கு இருபது மணி நேரம்... பிள்ளைக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், வண்ணாரப்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் வரை ரோட்டோரமெல்லாம் பிளக்ஸ் முளைத்துவிடும். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. அதனால் என்ன? பள்ளிகள் தாங்களே சென்டம் எண்ணிப் போட்டுக்கொள்கின்றன. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பேர் வாங்கிய ஊராச்சே, சும்மா இருக்க முடியுமா?

அந்தப் பிளக்ஸில் சிரிக்கிற பிள்ளையைக் காலை நாலு மணிக்கு எழுப்பி, ராத்திரி பதினோரு மணி வரை உட்கார வைத்து, டெஸ்டில் மார்க் குறைந்தால் வகுப்பு வாசலில் நிற்க வைத்த கதை மட்டும் பிளக்ஸில் வராது. கேட்டால் ஒரே பதில்தான்: "பயம் இருந்தாத்தான்யா மண்டையில ஏறும்." அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று பழமொழி வேறு துணைக்கு வரும்.

மண்டையில் என்ன ஏறுகிறது என்று பார்த்துச் சொல்லவே ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், பெங்களூர் போதும். அங்கே என்.சி.பி.எஸ். என்ற தேசிய ஆய்வு மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜி என்ற மூளை விஞ்ஞானியும் அவருடைய மாணவர்களும் எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தினமும் இரண்டு மணி நேரம் எலியை அசைய முடியாமல் வைத்திருப்பது. அடி இல்லை, ஷாக் இல்லை. நகர முடியாது, அவ்வளவுதான். பத்து நாள். கூட்டிப் பார்த்தால் மொத்தமே இருபது மணி நேரம்.

2002-ல் வந்த முடிவு இது. மூளைக்குள் கடல்குதிரை மாதிரி வளைந்த ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. புதிதாகக் கேட்பதும் படிப்பதும் நினைவாக வேண்டுமென்றால் இதன் உதவி வேண்டும். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இந்தப் பகுதியின் பெரும்பங்கை வெட்டி எடுத்தார்கள். அதன்பிறகு 2008-ல் சாகும் வரை, சற்று முன் பேசிவிட்டுப் போனவரைக்கூட அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. இப்பேர்ப்பட்ட ஹிப்போகாம்பஸில், பத்து நாள் அழுத்தத்துக்குப் பிறகு, நரம்பு செல்களின் கிளைகள் சுருங்கிப் போயிருந்தன. பயத்தைக் கவனிக்கிற அமிக்டலாவிலோ நேர்மாறு. அங்கே கிளைகள் பெருகியிருந்தன!

அதாவது பாடம் ஏறுகிற இடம் சுருங்குகிறது, பயம் ஏறுகிற இடம் விரிகிறது. வாத்தியார் சொன்னதில் பாதி சரி. மண்டையில் ஏறத்தான் செய்கிறது. ஏறியது எது என்பதில்தான் தகராறு.

இதைவிடக் கவலைக்குரியது 2004-ல் வந்தது. அழுத்தம் கொடுத்த எலிகளை 21 நாள் சும்மா விட்டுப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அமிக்டலா திரும்பவில்லை. பரீட்சை முடிந்து ஒரு மாசம் லீவு விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற பெற்றோர் இந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

எலி வேறு, பிள்ளை வேறு என்பார்கள். நியாயம்தான். எலியிடம் கண்டதை அப்படியே எட்டாம் வகுப்புப் பையன் மேல் ஒட்ட முடியாது. கொஞ்ச நேரப் பதற்றம் நினைவைக் கூர்மையாக்கும் என்பதும் உண்மை. விபத்தைப் பார்த்தவன் அதை மறப்பதில்லை. ஆனால் அவன் மறக்காதது விபத்தை. அடி வாங்கிய பிள்ளை மறக்காதது அடியை. பத்து வருஷம் கழித்துக் கேட்டுப் பாருங்கள், எந்த சாரிடம், எந்த பெஞ்சில் வாங்கினான் என்று சொல்வான். எந்தப் பாடத்துக்கு என்று கேட்டால் தலையைச் சொறிவான்.

சரி, மனப்பாடத்துக்கு வருவோம். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படிக்கிற பையனை நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் "உள்ளே வருவதைப் பற்று செய், வெளியே போவதை வரவு செய்" என்று ஒப்பிப்பான். டவுனில் அல்வாக்கடை முதலாளி தன் கடையிலிருந்தே ரெண்டு கிலோ அல்வாவை வீட்டுக்கு எடுத்துப் போனால் என்ன பதிவு என்று கேளுங்கள். எடுப்புகள் கணக்கில் பற்று, கொள்முதல் கணக்கில் வரவு. இதைச் சொல்ல முழிப்பான். வாய்க்கு விதி தெரியும், அல்வா தெரியாது.

திரும்பத் திரும்பப் படிப்பதன் லட்சணத்தை 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்தே அளந்தார்கள். ஒரு கூட்டம் பாடத்தை நாலு முறை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு முறை படித்தவர்கள்தான் மேல். ஒரு வாரம் கழித்தோ, படித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் அந்த நாலு முறை படித்த ஆசாமிகள்தான்.

"நாங்களும் டெய்லி டெஸ்ட் வைக்கிறோமே" என்று இங்கே ஒரு கை உயரும். வைக்கிறீர்கள் ஐயா. அந்த ஆய்வில் மார்க் இல்லை, அப்பாவுக்கு எஸ்.எம்.எஸ். போகவில்லை, யாரும் வெளியே நிற்கவில்லை. வெறும் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். நல்ல மருந்தை வாங்கி அதில் விஷத்தைக் கலந்து கொடுத்துவிட்டு, மருந்துதானே கொடுத்தோம் என்றால் எப்படி?

இத்தனைக்கும் நினைவை வளர்க்கத் தெரியாத ஊரா இது? கொடை சமயத்தில் ஒரு வில்லுப்பாட்டைக் கேளுங்கள். முத்துப்பட்டன் கதையை ராத்திரி முழுக்கப் பாடுகிற அண்ணாவி இருக்கிறார். ஏடும் நோட்டும் கைவசம் இருந்தாலும், மேடையில் அவருக்கு உதவுவது கதை, ராகம், குடத்தின் அடி, ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுகிற பின்பாட்டுக்காரர். கதை நடந்த இடமும் கண்ணெதிரே இருக்கிறது. காரையாறு ஏறினால் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு ஜனங்கள் செருப்பு காணிக்கை வைப்பதைப் பார்க்கலாம். அர்த்தம், இடம், கூட்டாளி மூன்றும் சேர்ந்து பிடித்த நினைவு அது. பிரம்பு பிடித்ததல்ல.

கடைசியாகத் தூக்கம். இதற்குக் காசே செலவில்லை. பகலில் எலி ஓடிய பாதையில் எந்த செல்கள் சேர்ந்து துடித்தனவோ அதே செல்கள் பிறகு அது தூங்கும்போதும் சேர்ந்து துடிப்பதை 1994-லேயே வில்சன், மெக்நாட்டன் இருவரும் பதிவு செய்துவிட்டார்கள். பகலில் படித்ததை மூளை ராத்திரியில்தான் பேரேட்டில் ஏற்றுகிறது. நாலு மணிக்கு எழுப்பிவிடுகிறவர்கள் கணக்கு முடியும் முன்னே கடையைப் பூட்டுகிறார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஹாஸ்டலில் எத்தனை மணி நேரம் படிக்க வைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டாம், அதை அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள் என்று கேளுங்கள்.