பெயின்ட் அடிக்காத குழாய்

என் மகன் குடும்பம் இப்போது கொல்கத்தாவுக்கு வடக்கே இருக்கிறது. போன மாதம் மருமகள் போனில், "இங்கே நிலத்தடித் தண்ணியிலே ஆர்சனிக் இருக்காம் மாமா. கேன் தண்ணிதான் குடிக்கிறோம். பாப்பாவுக்குக் கஞ்சியும் அதிலேதான்" என்றாள். நல்லதும்மா என்று போனை வைத்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது: கஞ்சிக்குப் போடுகிற அரிசி எந்தத் தண்ணீரில் விளைந்தது?

ஆர்சனிக் என்றால் என்னைப் போல பிரெஞ்சில் படித்தவர்களுக்கு மதாம் பொவாரி ஞாபகம் வருவாள். ஃப்ளோபேரின் நாவலில் அவள் அதை அள்ளித் தின்று சாகிறாள். வங்காளத்துக் கதை அப்படியல்ல. அங்கே அது சிறுகச் சிறுக, வருஷக்கணக்கில் உடம்பில் ஏறுகிறது. குளத்துத் தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் செத்ததால், 1970களில் ஊர் ஊராக அடிகுழாய் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். மண்ணுக்கடியில் இயற்கையாகவே ஆர்சனிக் இருந்தது யாருக்கும் தெரியாது. 1983-இல் கொல்கத்தா தோல் மருத்துவர் கே.சி. சாஹா, உள்ளங்கையும் பாதமும் தடித்து வந்த நோயாளிகளைப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார். பிறகு பங்களாதேஷில் குழாய்களைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை என்று பெயின்ட் அடித்தார்கள்.

என் குறை இங்கேதான். சிவப்புக் குழாயில் குடிக்காதே என்கிறோம். அதே அடித்தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்து, மழையில்லாத காலத்து போரோ நெல்லுக்குப் பாய்ச்சுகிறார்கள். அந்த மோட்டாருக்கு யார் பெயின்ட் அடித்தார்கள்?

நெல்லுக்கு சிலிக்கான் நிறைய வேண்டும். நாங்கள் படித்ததில் அது 'சிலிசியம்'. பயிர் சாயாமல் நிற்கவும் குலைநோயைத் தாங்கவும் அதுதான் பலம். வைக்கோல் கையை அறுப்பதும், உமிக்கரி பல்லை அப்படித் துலக்கியதும் அதனால்தான். ஜப்பானில் ஒகயாமா பல்கலைக்கழகத்தின் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2006-இலும் 2007-இலும் நெல் வேரில் சிலிக்கானுக்கான இரண்டு வாசல்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று மண்ணிலிருந்து உள்ளே விடும். மற்றொன்று தண்டை நோக்கித் தள்ளும். 2008-இல் அதே குழு சொன்னது: ஆர்சனிக்கும் இந்த வாசல்களில்தான் நுழைகிறது. தண்ணீர் கட்டிய வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அப்போது ஆர்சனிக் ஓர் உருவம் எடுக்கிறது. அளவிலும் தன்மையிலும் அது கரைந்த சிலிக்கான் மாதிரியே இருப்பதால் வேருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

வேரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஓய்வூதியப் பிரிவில் இருந்தபோது, இனிஷியலும் பெயரும் ஒன்றாக இருந்த இரண்டு பேரில் ஒருவருடைய பாக்கியை மற்றவர் கணக்குக்கு அனுப்பியவன் நான். மெமோவும் வாங்கினேன்.

செய்ய வழியில்லாமல் இல்லை. உமியை வயலுக்கே திருப்பினால் சிலிக்கான் கூடும். வாசலில் போட்டி வந்து ஆர்சனிக் குறைவாக ஏறும். 'நீர் மறைய நீர் கட்டு' என்று நம் வேளாண் அதிகாரிகள் சொல்கிற முறையிலும் குறைகிறது. ஆனால் மண்ணை அதிகமாகக் காயவிட்டால் காட்மியம் கூடும் என்பதால் அளவு பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பாசனக் குழாயைச் சோதித்து, விவசாயிக்கு முடிவைச் சொல்ல வேண்டும். அது சர்க்கார் வேலை. குடிதண்ணீர் ஒரு இலாகா, பாசனம் வேறு இலாகா என்று கோப்பு நகராமல் கிடக்கும் விதம் எனக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியது, நல்ல தண்ணீரில் நிறைய ஊற்றி வடிப்பது. பாதியளவு வரைகூட ஆர்சனிக் கஞ்சியோடு போய்விடும். சத்தும் கொஞ்சம் போகும் என்று என் மனைவி சண்டைக்கு வருகிறாள், அதுவும் உண்மைதான். தவிடு நீக்காத அரிசி உடம்புக்கு நல்லது என்பார்கள், ஆனால் ஆர்சனிக் தவிட்டில்தான் அதிகம் தங்குகிறது.

மருமகளிடம் சொன்னேன். "குக்கர்ல மூணு விசில்ல முடியுது மாமா. சரி, எங்களுக்கு வடிச்சிடறேன். பாப்பா கஞ்சியை எப்படி வடிக்கிறது?" என்றாள். நியாயமான கேள்வி. கேழ்வரகு வயலில் தண்ணீர் கட்டி வளர்ப்பதில்லை. இரண்டு கிலோ முளைகட்டி, காயவைத்து, அரைத்து வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை பார்சல் போகிறது.