இந்துமதி நம் ஊர்ப் பெண்தான்

கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலை ஊராருக்கு,

சிங்கப்பூரில் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு சுந்தரமூர்த்தியைத் தெரியும். தமிழர், 1989இல் சுவிட்சர்லாந்தின் பாசல் அணிக்கு ஆடப் போனவர், பிறகு சிங்கப்பூர் தேசிய அணிக்கே பயிற்சியாளர் ஆனவர். மலேசியாவில் கோல் காப்பாளர் ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தார். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட அவரை அந்நாட்டு ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. கடல் கடந்து வந்த தமிழர்களின் வழித்தோன்றல்களை இந்த நாடுகள் இப்படிப் போற்றுகின்றன. ஆனால் இந்தியக் கால்பந்து அணியில் ஆடிய கடலூரின் இந்துமதி கதிரேசனைப் பற்றி நம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு ஊர் யாரைக் கொண்டாடுகிறதோ, அவரைப் பார்த்துத்தான் அடுத்த பிள்ளை பந்தைத் தொடுகிறது. ஆகவே இந்துமதியை நம் அபிமான ஆட்டக்காரராக ஏற்போம் என்று கேட்கவே இந்த மடல்.

‘கடலூர் வேறு மாவட்டம், அந்தப் பெண் எப்படி நம்மவர்?’ என்று கேட்பீர்கள். 1993 வரை கடலூரும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். நமக்குத் தனி மாவட்டம் கிடைத்தது 2019இல்தான். கல்வராயன்மலையில் பிறக்கும் கோமுகி மணிமுக்தாவில் கலந்து, வெள்ளாறாகிக் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. நம் மலைத் தண்ணீர் போய்ச் சேரும் கரையில் வளர்ந்த பெண் நமக்கு அந்நியம் இல்லை. அவர் நடுக்கள ஆட்டக்காரர். 2019இல் தெற்காசியக் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடினார். மகளிர் கால்பந்து என்றாலே மணிப்பூர் என்றிருந்த நாட்டில், 2018இல் அதே மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் 2-1 என வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டம் வென்றார்கள். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் வாகை சூடினார்கள். இந்த எழுச்சியின் நடுவே நின்றவர் இந்துமதி.

இதைத் தனி ஒருத்தியின் திறமை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் பல ஆண்டுகள் பொறுமையாகப் பெண் பிள்ளைகளைப் பழக்கினார். அரசு இல்லத்தில் தங்கிப் படித்த சிறுமிகளும் அவர்களில் உண்டு. இந்துமதியைப் போலவே சந்தியா ரங்கநாதனும் அந்த மாவட்டத்திலிருந்துதான் இந்திய அணிக்குப் போனார். அங்கே செல்வம் கொட்டிக் கிடக்கவில்லை. ஒரு மைதானம், விட்டுப் போகாத ஒரு பயிற்சியாளர், பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குச் சோறு போடும் ஒரு விடுதி, இவை சேர்ந்திருந்தன. நம் மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பழகிய கால்கள் இருக்கின்றன. இல்லாதவை மைதானமும், அதில் மாலைதோறும் வந்து நிற்கும் பயிற்சியாளரும்தான்.

மறுப்புகளும் எனக்குப் புரிகின்றன. முதலாவது, ‘நம் பக்கத்து ஆட்டம் கபடியும் வாலிபாலும்தானே?’ என்பது. அவை இருக்கட்டும், வளரட்டும். கபடியில் பழகிய கால் கால்பந்துக்கும் உதவும். ஒன்றை விட்டால்தான் மற்றது என்பது இல்லை. இரண்டாவது, ‘ஆட்டம் சோறு போடுமா?’ என்பது. எல்லோருக்கும் போடாது, அப்படி ஆசை காட்டுவது தவறு. ஆனால் இந்துமதி தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. இந்திய அணிக்கு எட்டாத பிள்ளைக்கும் இந்தக் கதவு திறக்கக்கூடும் என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்பே கனமானது. ‘சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏங்கும் மலை, 2024இல் கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம், இங்கே பந்தைப் பற்றிப் பேசுவதா?’ சாலையும் ஆஸ்பத்திரியும் உரிமை. அவற்றுக்குப் பதிலாக மைதானத்தைக் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சாவுகள் நமக்குச் சொன்னது என்ன? சாராயத்தை ஒழிக்கச் சோதனைச் சாவடி மட்டும் போதாது. மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் போக ஓர் இடம் வேண்டும், அவர்கள் வராவிட்டால் ‘எங்கே?’ என்று தேட ஒருவர் வேண்டும். பயிற்சியாளர் செய்வது அந்த வேலையைத்தான்.

நம் பிள்ளைகள் மெஸ்ஸியை நேசிப்பதில் குற்றமில்லை. ஆனால் அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து அவர் போன வழி நம் வெள்ளிமலைச் சிறுமிக்குக் கண்ணுக்கு எட்டாதது. கடலூர்ப் பெண் போன வழியோ பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவரக்கூடியது. எனவே பள்ளிச் சுவரில் மெஸ்ஸிக்குப் பக்கத்தில் இந்துமதியின் படத்தையும் மாட்டுங்கள். கிராம சபையில் மைதானத்துக்கும் நிரந்தரப் பயிற்சியாளருக்கும் தீர்மானம் போடுங்கள். நம் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாத ஆட்டம் ஒரு தலைமுறையோடு மறந்துபோகும். வெளியூரில் இருக்கும் நாங்கள் பந்தும் காலணியும் அனுப்ப முடியும். ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட உங்களால்தான் முடியும்.

அன்புடன்,
சிங்கப்பூரில் வாழும் உங்கள் ஊர்க்கால்பந்து ரசிகன்