பந்தை மாத்தாதீங்க, பேட்டை மாத்துங்க

ஊருக்குப் போய்ட்டு வந்தா ஒரு பதிவு தேத்திரலாம்னு எப்பவும் ஒரு நம்பிக்கை. இந்தத் தடவை திருச்செந்தூர் ரயில்ல ஆறுமுகநேரியில் இறங்கும்போது கையில் ஒரு நீளமான பை. உள்ளே ஒரு கார்பன் பேட். பெரியப்பாவுக்காக ரெண்டாயிரத்துச் சொச்சம் போட்டு வாங்கினது. மனுஷன் பையைத் திறந்து பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டார், "இது என்னல, கொசு அடிக்கிற பேட்டா?"

பல்பு. :-)

பெரியப்பா உப்பளத்துல கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். வயசு 67. காலேஜ் படிச்ச காலத்துல இருந்து பால் பேட்மிண்டன் ஆடுறார். ஷட்டில்னு நினைச்சுக்காதீங்க மக்கா, அது இறகுப்பந்து. இது பூப்பந்து. மஞ்சள் கம்பளி நூல்ல சுத்துன பந்து, ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர், 24 மீட்டர் நீளம் 12 மீட்டர் அகலத்துல மண் தரை. 1856லயே தஞ்சாவூர் அரச குடும்பத்துல ஆடினதா வரலாறு சொல்றாங்க. நம்ம ஊர் மண்ணுல பிறந்த ஆட்டம்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிக்கலாம். 1970ல இந்த ஆட்டத்துக்காக ஜே. பிச்சையாவுக்கு அர்ஜுனா விருதே கொடுத்திருக்காங்க. இன்னைக்கு என் ஆபீஸ்ல பத்து பேர்கிட்ட பூப்பந்துன்னு சொன்னா ஒன்பது பேர் 'அது என்ன?'ம்பான். பத்தாவது ஆள் நம்ம விருதுநகர்க்காரன்.

நிற்க. விஷயத்துக்கு வர்றேன்.

பெரியப்பாவுக்குப் போன வருஷத்துல இருந்து வலது தோள்பட்டை சரியில்ல. கையைத் தலைக்கு மேல தூக்கினா வலி. டாக்டர் 'ஆட்டத்தை நிப்பாட்டுங்க'ன்னுட்டார். இவர் ஆடுறது சென்டர். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, நடுவுல இவர். அம்புட்டுப் பந்தும் அவர் வழியாத்தான் போகும். அவர் நிறுத்தினா சாயங்கால செட்டுல நாலு பேர்தான் மிச்சம். நாலு பேரை வச்சு பூப்பந்து ஆட முடியாது, சீட்டுதான் ஆடலாம். அதனாலதான் லேசான பேட் வாங்கிட்டுப் போனேன். பெரியம்மாவோட சமையல் தராசுல அவரோட மரப் பேட்டை வச்சேன், 190 கிராம். நான் வாங்கினது 130. அறுபது கிராம் வித்தியாசம். ஒரு சாயங்காலத்துக்கு முந்நூறு தடவை வீசுறார்னு வச்சா தோளுக்கு எவ்வளவு மிச்சம்னு கணக்குப் போட்டுக் காட்டினேன். "கணக்கெல்லாம் சரிதான். நான் நாப்பது வருசம் கணக்கு எழுதினவன்லா"ன்னு சொல்லிட்டு மரப் பேட்டையே எடுத்துட்டுக் கிளம்பிட்டார்.

அந்தப் பேட்டுக்கு ஒரு மரச்சட்டம் வச்சிருக்கார். நாலு மூலையிலும் திருகு. ஆடி முடிச்சதும் பேட்டை அதுக்குள்ள வச்சு முறுக்கி வைக்கணும், இல்லன்னா கடற்கரை ஈரத்துக்கு மரம் வளைஞ்சிரும். எங்க தலைமுறைக்கு இந்தச் சட்டம் எதுக்குன்னே தெரியாது.

பேட்டைவிடப் பந்து விஷயத்துல அவர் இன்னும் மோசம். பந்தை அரிசித் தூக்குச்சட்டிக்குள்ள போட்டு வைக்கிறார். சோத்துல மஞ்சள் நூல் வருதுன்னு பெரியம்மா திட்டாத நாள் இல்ல. நான் முதல்ல இது கிழவனார் கிறுக்குன்னுதான் நினைச்சேன். அப்புறம் படிச்சுப் பார்த்தா, கம்பளி தன் எடையில கிட்டத்தட்ட முப்பது சதவீதம் வரைக்கும் ஈரத்தை உறிஞ்சி வச்சுக்குமாம், தொட்டா ஈரமாவே தெரியாதாம். விதிப்படி பந்து 27ல இருந்து 30 கிராம் இருக்கணும். சந்தேகத்துக்கு ஒரு பந்தை ராத்திரி மொட்டை மாடியில வச்சுட்டுக் காலையில நிறுத்தேன். 28 கிராமா இருந்தது 32! அதாவது ஒரு ராத்திரிப் பனியில பந்து சட்டவிரோதம் ஆயிடுச்சு. அரிசிச் சட்டிக்குப் பின்னாடி இவ்வளவு அறிவியல். ஹி ஹி, பொறியியல் படிச்ச எனக்குத்தான் தெரியல.

புதுப் பந்து இறுக்கமா, வேகமா வரும். ஆட ஆட நூல் பிரிஞ்சு பொசுபொசுன்னு ஆகும், காத்துல தயங்கி நிக்கும். "மூணாவது கேம்லதான்ல பந்து நம்ம பேச்சைக் கேக்கும்"பார். ஆடி மாசக் காத்துல கோர்ட்டுக்கு மேல எந்த உயரத்துக்கு மேல தூக்கக் கூடாதுன்னு அவருக்கு விரல் நுனியில தெரியும். இப்ப கடையில வர்ற பந்துல கம்பளியே கிடையாது, எல்லாம் நைலான்னு அவருக்கு ஒரு தீராத சந்தேகம். "சவத்தை, வெட்டினாலும் சுத்த மாட்டேங்கு."

இப்ப கொஞ்சம் பெங்களூருக்கு வாங்க. என் ஆபீஸ் ஜன்னல்ல பார்த்தா கோல்ஃப் மைதானம். வேலி தாண்டி வந்த ஒரு பந்து என் மேஜையில பேப்பர் வெயிட்டா கிடந்துச்சு. இதையும் பெரியப்பாகிட்ட காட்டத் தூக்கிட்டுப் போயிருந்தேன். அவர் மொதல்ல செஞ்ச வேலை, தராசுல வச்சதுதான். 45 கிராம்னு காட்டுச்சு. கோல்ஃப் பந்து 45.93 கிராமுக்கு மேல போகக் கூடாது, 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே குறையக் கூடாதுங்கிறது விதி. "குழி எதுக்குல?"ன்னார். குழி இல்லாத வழுவழுப் பந்து கிட்டத்தட்ட பாதித் தூரம்தான் போகும், குழிதான் பந்துக்குப் பின்னாடி காத்து இழுக்கிறதைக் குறைக்குதுன்னு சொன்னேன். "பாத்தியா, இவனுக காத்தை ஏமாத்தப் பாக்கானுவ. நாம காத்தோட ஆடுதோம்"ன்னார். இதுக்கு என்ன பதில் சொல்ல?

ஆனா கோல்ஃப் கதையில நமக்கு ஒரு பாடம் இருக்கு. ஆதியில தோல் பைக்குள்ள இறகை அடைச்சுப் பந்து செஞ்சாங்க. 1848 வாக்குல மலேயாப் பக்கத்து கட்டாபெர்ச்சா மரப்பால் வந்துச்சு, பந்து மலிவாச்சு, அதனாலயே ஆடுறவங்க கூடினாங்க. 1898ல ரப்பர் நூல் சுத்துன பந்து. 2000ல ப்ரோ வி1னு ஒண்ணு வந்து நூல் சுத்துன பந்துகளையே ஓரங்கட்டிருச்சு. கூடவே மரத்தலை டிரைவர் போய் டைட்டானியம். பந்து பறக்க ஆரம்பிச்சது. பறந்தா என்ன? மைதானம் பத்தல. அமெரிக்காவின் அகஸ்டா மைதானம் 1990களில் ஏழாயிரம் கெஜத்துக்குக் கொஞ்சம் கம்மி, இப்ப ஏழாயிரத்து ஐந்நூறையும் தாண்டிருச்சு. நிலம், தண்ணி, உரம், எல்லாம் கூட. கடைசியில 2023 டிசம்பர்ல கோல்ஃபின் ரெண்டு சட்டாம்பிள்ளை அமைப்புகளும் சேர்ந்து பந்தோட சோதனையைக் கடுமையாக்குறோம்னு அறிவிச்சாங்க. மட்டையின் வேகத்தை மணிக்கு 120 மைலுக்குப் பதிலா 125ல வச்சு அடிச்சாலும் பந்து அதே 317 கெஜத்தைத்தான் எட்டலாம் (மூணு கெஜம் சலுகை உண்டு). பந்து கம்பெனிகள் சில கூச்சல் போட்டன. சாதாரண ஆளுக்கு அஞ்சு கெஜம் குறைஞ்சா அதிகம், அதுக்கு எதுக்கு இந்த ரகளைன்னு எனக்குப் புரியல.

என் கட்சி இதுதான். ஆட்டத்தோட உயிர் பந்துல இருக்கு, பேட்டுல இல்ல. டென்னிஸ்ல மரம் போய் கிராஃபைட் வந்துச்சு, டென்னிஸ் சாகல. பூப்பந்து கம்பளிப் பந்தோட வேகத்துக்கு அளவெடுத்த ஆட்டம். பந்தை வேகமாக்கினா 24 மீட்டர் போதாது, மண் தரை போதாது, காத்து ஆகாது, அப்புறம் கூரை போட்ட அரங்கம் வேணும். மணிக்கு இவ்வளவுன்னு வாடகை. எங்க ஊர்ல யார் கொடுப்பா? ஒரு பந்து, ஒரு வலை, பத்து பேர், அவ்வளவுதான் செலவுங்கிறதாலதான் உப்பளத்துல வேலை முடிஞ்சு வந்தவங்க இத்தனை வருஷம் ஆட முடிஞ்சது. அதனால பந்தைத் தொடாதீங்க. ஆனா பேட்டை இறக்குங்க, இன்னும் லேசாக்குங்க. பள்ளிக்கூடப் பிள்ளையும் 67 வயசுத் தோளும் ஒரே கோர்ட்டுல நிக்க அதுதான் வழி.

பெரியப்பா இதை ஒத்துக்கல. லேசான பேட்டுல எல்லாரும் மணிக்கட்டை மறந்துட்டு ஓங்கி அடிக்கத்தான் பாப்பான், வெட்டும் ரோலும் செத்துரும்ங்கிறார். அதுல பாதி உண்மை இருக்கலாம். டென்னிஸ்ல வலைக்கு ஓடி வந்து வாலி அடிக்கிறவங்க அருகிப் போனதைப் பார்த்தா முழுசா மறுக்க முடியல. ஆனா மரப் பேட்டோட ஒரு மாசத்துல மூணு நாள்தான் கோர்ட்டுக்குப் போனார்னு பெரியம்மா சொன்னதையும் மறக்க முடியல. வெட்டு சாகறதுக்கு முன்னாடி செட்டே செத்துருமே பெரியப்பா?

கிளம்புற அன்னைக்குக் காலையில கார்பன் பேட் இருந்த பை சுவத்துல தொங்கிட்டு இருந்துச்சு, ஆனா தட்டையா. எட்டிப் பார்த்தா பேட் மரச்சட்டத்துக்குள்ள, நாலு திருகும் முறுக்கி. கார்பன் வளையாது பெரியப்பான்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லல.

பெங்களூரு வந்து நாலாம் நாள் போன். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "எல, அந்தக் கொசு பேட்டுக்குக் கட் ரொம்ப இறுக்கமா இருக்கு. அங்கன தளர்த்திக் கட்டுற கடை இருக்கா?"

டிஸ்கி: பெங்களூருல கட் கட்டுற நல்ல கடை தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க சாமி. நிஜக் கம்பளிப் பந்து கிடைக்கிற இடம் தெரிஞ்சாலும் சரி, அரை டஜன் வேணுமாம்.