கணிப்பொறி மட்டும் போதுமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்தவுடன் தமிழ்நாட்டில் இன்னொரு திருவிழா தொடங்கிவிடுகிறது. பொறியியல் கலந்தாய்வு என்பது அதன் பெயர். விசைத்தறி ஓட்டுபவர் மகனைக் கேளுங்கள், கொத்தனார் மகளைக் கேளுங்கள், பேருந்து நடத்துநர் மகனைக் கேளுங்கள், விடை ஒன்றுதான். "கம்ப்யூட்டர் சயின்ஸ்!" கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் கேட்பாரற்றுக் கிடக்க, கணிப்பொறிப் பிரிவு முதலில் நிரம்புகிறது. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தாம் என்றிருந்த வரம்பையும், தகுதி பெற்ற கல்லூரிகளுக்கு 2024-25 ஆம் கல்வியாண்டிலிருந்து அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எடுத்துவிட்டது. இனிக் கேட்க வேண்டுமா?

இதை நாம் குறை கூறப் புகவில்லை. பொறியியலுக்கான நுழைவுத் தேர்வை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 2010 இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் 2021 இல் பொறியியலுக்கும் கிடைத்தது. இவையெல்லாம் எதற்காக? உழைப்பாளி வீட்டுப் பிள்ளை இந்தப் படிகளில் ஏறவேண்டும் என்பதற்காகத்தானே! ஏறுகிறார்கள், மகிழ்கிறோம்.

நாம் கேட்க விரும்புவது வேறு.

2025 செப்டம்பர் 19 ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஓர் அறிவிக்கையில் கையொப்பமிட்டார். எச்-1பி என்னும் வேலை அனுமதிக்கு இனி 1 லட்சம் டாலர் கட்டணம் என்றது அது. அந்த அனுமதி பெறுவோரில் பத்துக்கு ஏழு பேர் இந்தியாவிற் பிறந்தவர்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தவர்கள் பெட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் விமான நிலையத்துக்கு ஓடினார்கள். இது புதிய விண்ணப்பங்களுக்கு மட்டுமே என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. அந்த ஓர் இரவில் அவர்கள் படித்த படிப்பு குறைந்துபோயிற்றா? எழுதத் தெரிந்த நிரல் மறந்துபோயிற்றா? ஒன்றும் இல்லை. வாஷிங்டனில் ஒரு பேனா அசைந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பேனா ஏன் அசைகிறது, எப்போது அசையும், அதைத் தடுக்க எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று சொல்லித்தரும் படிப்புக்குப் பன்னாட்டு உறவுகள் என்று பெயர். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்?

கணிப்பொறிக் கல்விக்கும் அயலுறவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் இருக்கக்கூடும். கணிப்பொறி இந்நாட்டுக் கல்லூரிக்குள் நுழைந்ததே அயலுறவின் கையைப் பிடித்துக்கொண்டுதான்! 1963 இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 பொறி வந்தது. அது அமெரிக்காவோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பயன். ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அந்நிறுவனத்துக்குத் துணை நின்றன. பம்பாய் ஐ.ஐ.டி.க்கு சோவியத்து நாட்டின் மின்ஸ்க் பொறி வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யை வளர்த்தது மேற்கு ஜெர்மனி. யாரோடு யார் கைகுலுக்கினார்களோ, அவர்கள் பொறிதான் அந்தந்த வகுப்பறைக்கு வந்தது.

கொடுத்தவர்கள் மறுக்கவும் செய்தார்கள். 1980களில் இந்தியா கிரே என்னும் மீக்கணிப்பொறியை விலைக்குக் கேட்டது. ஆற்றல் மிகுந்ததைத் தரமாட்டோம், வானிலை கணிக்க ஒரு சிறியதைத் தருகிறோம் என்றது அமெரிக்கா. அணுகுண்டு ஆய்வுக்குப் பயன்படுத்திவிடுவோமாம்! பிறகுதான் 1988 இல் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1991 இல் 'பரம் 8000' உருவாயிற்று. நேற்றைய கதை என்று தள்ளிவிடவேண்டாம். செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய சில்லுகளை எந்த நாட்டுக்கு எவ்வளவு விற்கலாம் என்று 2025 சனவரியில் அமெரிக்கா ஒரு விதி எழுதிற்று. முதல் வரிசையில் அதன் நெருங்கிய நண்பர்கள் அமர, இந்தியா இரண்டாம் வரிசையில் நின்றது. அந்த விதி அதே ஆண்டு மே மாதம் கைவிடப்பட்டது உண்மை. எழுதிய கைக்கு அழிக்கத் தெரியும். மீண்டும் எழுதவும் தெரியும்.

கணிப்பொறியை விடுங்கள். திருப்பூரில் பனியன் தைப்பவர் வாஷிங்டனுக்கு என்ன கேடு செய்தார்? 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி என்றார்கள். உருசியாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையும் அதில் சேர்த்தி. எண்ணெய் வாங்கியது யாரோ, ஏற்றுமதி ஆணைக்கு ஏங்கி நின்றது திருப்பூர்! 1974 இல் கச்சத்தீவு கைமாறியபோது இராமேசுவரத்து மீனவரைக் கேட்டார்களா? 1964 இல் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் கையொப்பமிட்டு, இலங்கைத் தோட்டத் தொழிலாளரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்களே, அந்தத் தேயிலை கிள்ளும் பெண்களில் ஒருத்தியையாவது கேட்டார்களா? மிச்சமிருந்த 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்து, பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டையைப் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தார்கள். அந்த மேசையில் நம் பேச்சைப் பேச ஆள் இல்லை.

எப்படி இருப்பார்கள்? டெல்லியில் 1955 இல் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி ஏற்பட்டது; 1970 இல் அது ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. கல்கத்தாவில் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் 1956 இலேயே தனித்துறை கண்டது. இங்கே? அடியோடு இல்லை என்று நாம் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறையும் பாதுகாப்பு ஆய்வுத் துறையும் உண்டு. தலைநகரின் சில கல்லூரிகளிலும் இது நடக்கிறது. ஆனால் கணிப்பொறிப் பாடம் இல்லாத கல்லூரியை மாவட்டங்களில் தேடித்தான் பிடிக்கவேண்டும். பன்னாட்டு உறவுப் பாடம் உள்ள கல்லூரியையும் அப்படியே!

அது பெரிய இடத்துப் பிள்ளைகளின் படிப்பு, ஆங்கிலம் கொஞ்சுபவர்களின் படிப்பு என்ற எண்ணம் நம்மவரிடமும் இருக்கிறது. அந்தப் படிப்பு பிறந்த இடத்தைப் பார்ப்போமா? முதல் உலகப் போர் முடிந்ததும், 1919 இல், பன்னாட்டு அரசியலுக்கென்று உலகிலேயே முதல் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. ஆக்ஸ்போர்டில் அன்று; வேல்ஸ் நாட்டுக் கடற்கரைச் சிற்றூரான அபெரிஸ்ட்வித்தில்! ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தம் தாய்மொழியைக் காத்துவரும் சிறிய இனத்தார் வேல்ஸ் மக்கள். 1872 இல் திறந்த அந்தக் கல்லூரியே ஏழை எளியவர் தேவாலயங்களில் போட்ட சில்லறைக் காசுகளால் பிழைத்தது. போரில் மாண்ட மாணவர் நினைவாகப் பதவிக்குப் பணம் தந்த டேவிட் டேவிஸ் செல்வர்தாம். அச்செல்வம் நிலக்கரியில் விளைந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவர் யார் என்று நம் வாசகர்க்குச் சொல்லத் தேவையில்லை.

"படித்தால் வேலை கிடைக்குமா ஐயா?" என்று தகப்பனார் கேட்பார். கடன் வாங்கிப் படிக்கவைப்பவருக்கு அதைவிட வேறு கேள்வி எது? கணிப்பொறியை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள் என்று நாம் அழைக்கவில்லை. கணிப்பொறி படிக்கும் மாணவருக்கே இதையும் ஒரு பாடமாகக் கொடுங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்கிறோம். மாவட்டத்து அரசு கலைக் கல்லூரிகளில் பட்டப் படிப்பாகவே தொடங்குங்கள் என்கிறோம். வேலையும் இல்லாமல் இல்லை. குடிமைப் பணித் தேர்வின் பொதுப் பாடத்தில் பன்னாட்டு உறவு உண்டு. விருப்பப் பாடம் ஒன்றின் பெயரிலேயே அது உண்டு. விடையைத் தமிழில் எழுதலாம் என்கிறது விதி. வினாத்தாளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தமிழில் எழுதத் துணிந்த பிள்ளைக்குக் கையில் கொடுக்கத் தக்க பாடநூல் ஒன்றிரண்டாவது வேண்டாவா? அதை எழுதுவிப்பது பல்கலைக்கழகங்களின் கடமை.

அதுவரை நம் தோழர்கள் காத்திருக்கவேண்டியதில்லை. ஊர்தோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். சுவரில் தலைவர் படங்கள் இருக்கின்றன. உலகப் படம் இருக்கிறதா என்று இந்த வாரம் பாருங்கள். இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள். 1964, 1974 ஒப்பந்தங்கள் இரண்டும் சில பக்கங்கள்தாம், ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. தெருவில் கணிப்பொறி படிக்கும் பிள்ளை ஒருவன் இல்லாமற் போகமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவனை அழைத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.